‘அது உன் சிலுவை’ என்போர்க்கு

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு வாக்கியம் வழங்குகின்றது. கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஒருத்தி போதகரிடம் போய் அழுதாலும், கொண்டுபோன மகனைத் திருப்பித் தரவில்லை என்று ஒரு தாய் குருவானவரிடம் முறையிட்டாலும், கடன் அறவிட வந்தவன் படலையை விட்டுப் போகமாட்டேன் என்கிறான் என்று ஒரு கைம்பெண் கலங்கினாலும், வருகின்ற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அது உன் சிலுவை, மகள். பொறுமையோடு சுமந்துகொள்.”

எல்லாக் குருமாரும் எல்லாப் போதகர்களும் இப்படிச் சொல்வதில்லை. சொல்லாதவர்களைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆயினும் சொல்பவர்கள் தொகையிற் குறைந்தவர்கள் அல்லர். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர் என்ற வேறுபாடின்றி இவ்வாக்கியம் வாவியின் இரு கரைகளிலும் புழங்குகின்றது. பெரிய வெள்ளி நெருங்கினால் இதற்கு உரமும் ஏறிவிடும்.

இவ்வாக்கியம் வேதத்துக்குப் புறம்பானது என்பதும், குற்றம் செய்தவனுக்கே துணைபோவது என்பதும் என் துணிபு. நான் இறையியல் படித்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதிப் பிழைத்தவன். ஆகவே ஒரு செய்தியாளனுக்குரிய கேள்விகளையே இவ்விடயத்திலும் கேட்கிறேன். யார் செய்தது? யாருக்குச் செய்தது? சாட்சி யார்? விசாரணை என்னவாயிற்று?

*

முதலில் சிலுவை என்றால் என்ன என்று பார்ப்போம். இன்று அது கழுத்தில் தொங்கும் பொன். கோபுர உச்சியில் இரவில் ஒளிரும் மின்விளக்கு. உரோமர் காலத்தில் அது தூக்குமரம். உரோமக் குடிமகனுக்குப் பெரும்பாலும் விதிக்கப்படாத தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரியது. கி.மு. 71 இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் எழுச்சி முறியடிக்கப்பட்டபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து உரோமை வரை வீதியோரம் சிலுவைகளில் அறைந்து நிறுத்தினான் கிராசஸ். வழிப்போக்கர் அஞ்சவேண்டும் என்பதே நோக்கம். வீதியோரங்களில் உடல்களைக் கண்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கவேண்டிய தேவையில்லை. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் மட்டக்களப்பில் விடியற்காலையில் வீதிக்கு இறங்கியவர்கள் உரோமரின் உத்தியை நன்கறிவார்கள்.

கலிலேயாவின் மீனவர்களிடம் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றுங்கள் என்று இயேசு சொன்னபோது, அவர்களுக்கு வீட்டுக் கஷ்டமோ தீராத மூட்டுவலியோ நினைவுக்கு வந்திருக்க முடியாது. அரசு கொல்லும் முறைதான் நினைவுக்கு வந்திருக்கும். நீதிக்காக நிற்பதானால் இந்த விலையும் நேரலாம், அறிந்து எடுங்கள் என்பதே அவர்கள் கேட்ட அழைப்பு. அதில் ‘எடுத்துக்கொள்’ என்ற வினைச்சொல்லைக் கவனியுங்கள். எடுப்பவன் தானே எடுக்கவேண்டும். இன்னொருவன் தூக்கித் தோளில் வைத்தால் அதற்குப் பெயர் வேறு.

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் இவ்வழைப்பை எழுதுகின்றனர். லூக்கா மட்டும் தன் ஒன்பதாம் அதிகாரத்தில் ‘அனுதினமும்’ என்ற சொல்லைச் சேர்க்கிறார். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்றாடத் துன்பமெல்லாம் சிலுவை என்று நம் பிரசங்கிகள் விரித்துரைக்கின்றனர். நான் அதை மறுபக்கமாகப் படிக்கிறேன். ஒருநாள் வீரம் போதாது. நாள்தோறும், சலிக்காமல், பிறர் பொருட்டுத் தோள் கொடுக்கவேண்டும் என்பதே லூக்கா சேர்த்த சொல்லின் பொருள். வாங்கும் அடிக்குப் பழகிக்கொள் என்று அவர் எழுதவில்லை.

*

“இயேசு ஆட்டுக்குட்டியைப் போல மௌனமாய்ப் போனாரே, நீ மட்டும் ஏன் நீதிமன்றம் போகவேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் யோவான் நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். பிரதான ஆசாரியனின் விசாரணையில் ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். அவர் பேசாமல் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்ற பொருள்படக் கேட்கிறார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசுதான் அடித்தவனிடம் காரணம் கேட்கிறார். பழிவாங்காமை வேறு, கேள்வி கேளாமை வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பவுலும் அப்படியே. பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள் மறுநாள் அவரை ஓசைப்படாமல் போய்விடச் சொல்கின்றனர். அவர் போக மறுக்கிறார். உரோமக் குடிமக்களை விசாரிக்காமல் பகிரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்கிறார். அதிகாரிகள் அஞ்சிப்போய் வந்து மன்றாடியதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றது. நஷ்டஈட்டுக் காசோலையை வாங்கிக்கொண்டு வாயை மூடு என்று எங்கள் மக்களிடம் சொல்லப்பட்ட வேளைகளிலெல்லாம் இந்தப் பகுதி எனக்கு நினைவுக்கு வருவதுண்டு.

லூக்காவின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நீதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கிறாள். அவள் தொல்லை பொறுக்காமல் அவன் தீர்ப்புச் சொல்கிறான். விடாமல் செபிப்பதற்கு எடுத்துக்காட்டாக இயேசு காட்டியவள், கச்சேரி வாசலை விட்டகலாத அந்தப் பெண்தான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியில் அமர்ந்திருக்கும் எங்கள் தாய்மாரை அவளுடைய வாரிசுகள் என்று எத்தனை ஆலயங்களில் சொல்லியிருக்கிறோம்?

*

எங்கள் பத்திரிகைத் தமிழில் போர்க்காலம் உருவாக்கிய ஒரு சொல் உண்டு: ‘இனந்தெரியாதோர்’. இனந்தெரியாதோர் சுட்டனர், இனந்தெரியாதோர் கடத்தினர், வெள்ளை வானில் வந்த இனந்தெரியாதோர் கொண்டுசென்றனர். ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்தது. எழுதினால் எழுதியவன் உயிர் போகும் என்பதால் வந்த சொல் அது. பெயர் சொல்லத் துணிந்த ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பு மண்ணின் மைந்தன் தராக்கி சிவராம் 2005 ஏப்ரல் 28 அன்று கொழும்பில் கடத்தப்பட்டார். மறுநாள் உடல்தான் கிடைத்தது.

‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லைப் போர்க்காலத்தின் அச்சம் உண்டாக்கியது. ‘அது உன் சிலுவை’ என்ற வாக்கியத்தை எந்த அச்சம் உண்டாக்கியது? இலக்கணப்படி இரண்டுக்கும் ஒரே நோய். செய்தவன் மறைந்துவிடுகிறான். அடித்தவன் இல்லை, கடத்தியவன் இல்லை, வட்டி வாங்கியவன் இல்லை. சுமை மட்டும் இருக்கின்றது. அதைச் சுமக்க ஒருத்தியும் இருக்கிறாள்.

கிறிஸ்தவர்களின் சொந்த விசுவாசப் பிரமாணமோ இதற்கு நேரெதிரானது. ஞாயிறுதோறும் எழுந்து நின்று நாம் அறிக்கையிடும் அப்பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர்கள் உள்ளன. ஒன்று மரியாள். மற்றது பொந்தியு பிலாத்து. பேதுருவின் பெயர் இல்லை, பவுலின் பெயர் இல்லை. கொலைக்கு ஆணையிட்ட ஆளுநனின் பெயர் இருக்கின்றது. அவன் தண்ணீர் கொண்டுவரச் செய்து கைகழுவியும் திருச்சபை அவனை விடவில்லை. ‘இனந்தெரியாதோரால் சிலுவையில் அறையப்பட்டார்’ என்று ஆதிச் சபை எழுதிவைக்கவில்லை. ஞாயிறு காலையில் பிலாத்துவின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, ஞாயிறு மாலையில் அழுதுவரும் பெண்ணிடம் அடித்தவன் பெயரைச் சொல்லாதே என்பது எந்த விசுவாசம்?

*

இனி எங்கள் ஊர்க் கணக்கைப் பார்ப்போம்.

புளியந்தீவில் இருக்கும் புனித மரியாள் பேராலயத்தை மட்டக்களப்பார் எவரும் அறிவர். அதன் பங்குத்தந்தையும், பிரஜைகள் குழுவில் முன்னின்று மக்களுக்காகப் பேசியவருமான அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6 அன்று ஆலய வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பதினேழு ஆண்டுகளின் பின், 2005 டிசெம்பர் 25 நள்ளிரவுத் திருப்பலியின்போது, அதே ஆலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டு இறந்தார். அவருடைய மனைவியும் காயமுற்றார். நகரெங்கும் பாதுகாப்புப் படையினர் நிறைந்திருந்த இரவு அது. பல நூறு பேர் முன்னிலையில் சுட்டவர்கள் நடந்து வெளியேறினர்.

பத்து ஆண்டுகளின் பின்னரே, 2015 இல், கைதுகள் நிகழ்ந்தன. கிழக்கின் முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் உட்பட ஐவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் திணைக்களம் அறிவித்ததை அடுத்து, 2021 ஜனவரி 13 அன்று மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் ஐவரையும் விடுவித்தது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் குற்றவாளிகள் அல்லர். நன்று. அப்படியானால் நத்தார் இரவில் ஆலயத்துக்குள் துப்பாக்கியோடு வந்தவர்கள் யார்? இக்கேள்வியை அரசிடம் கேட்கும் கடமை, எவர் ஆலயத்தில் இரத்தம் சிந்தியதோ அவர்களுக்கு இல்லையா? பரராஜசிங்கத்தின் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் இங்கு பொருளல்ல. ‘சுகுணம் ஜோசப்’ என்ற பெயரில் எழுதிய ஒரு பத்திரிகையாளர் அவர் என்பதால் எனக்கு ஒரு கூடுதல் உரித்து உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவர் எவராயிருந்தாலும் இக்கேள்வி கேட்கப்படவே வேண்டும்.

அடுத்தது 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்த அதே காலையில் எங்கள் சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் இறந்தவர்கள் சுமார் 30 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சிறுவர்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள்.

அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2018 நவம்பர் 30 அன்று, வாவியின் மறுகரையில் வவுணதீவுக் காவலரணில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டனர். முன்னாள் போராளி ஒருவர் கைது செய்யப்பட்டார். வழக்கம்போல் கோப்பு ஒரு முன்னாள் போராளியின் தலையில் முடிந்தது. ஊரும் நாடும் அடுத்த செய்திக்குப் போயிற்று. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் வவுணதீவுக் கொலைகளைச் செய்ததும் அதே சஹ்ரான் குழு என்பது வெளியாயிற்று. செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருந்தவர் 2019 மே மாதம் விடுவிக்கப்பட்டார். அந்த ஒரு கொலையை நேர்மையாக விசாரித்திருந்தால் கொலையாளிகளின் தடம் ஏப்ரலுக்கு முன்பே கிடைத்திருக்கக்கூடும். ‘அப்பாவி ஒருவன் உள்ளே இருக்கிறான், பாவம், அது அவன் சிலுவை’ என்று விட்டுவிடுவதன் விலை இதுதான். ஒரு குற்றத்தை விசாரியாமல் புதைத்தால் அது அடுத்த குற்றமாய் முளைக்கும். நீதி கேட்பது விசுவாசக் குறைவு என்போர் இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே எழுதிவைத்துப் பார்க்கட்டும்.

நீதிமன்றம் போனால் ஒன்றும் நடக்காது என்பதும் முழு உண்மையன்று. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் குறித்த 12 அடிப்படை உரிமை மனுக்கள் மீது 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தவேண்டும் என்றது. முன்னாள் பொலிஸ் மா அதிபருக்கும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவருக்கும் தலா 7.5 கோடி, பாதுகாப்பு அமைச்சின் முன்னாள் செயலாளருக்கு 5 கோடி. பணம் உயிரை மீட்காது. ஆனால் ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லுக்கு அத்தீர்ப்பில் இடமிருக்கவில்லை. தவறியவர்கள் பெயரோடு சுட்டப்பட்டனர். மனுச் செய்தவர்களுள் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் இருந்தனர். சிலுவையைப் பற்றி அவர்களுக்குப் பாடம் நடத்தும் தகுதி நம்மில் எவருக்கும் இல்லை.

*

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பாதி உண்மையாகிவிடும். வழிபாட்டில் இருந்தவர்களைக் கொல்லும் வழக்கம் எங்கள் கரையில் 2019 இல் தொடங்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகள் அதை மறுத்தனர். தப்பியவர்களின் சாட்சியம் அவர்களையே காட்டியது. அடுத்த மாதம், செப்டெம்பர் 9 அன்று, சத்துருக்கொண்டானில் இராணுவத்தால் கொல்லப்பட்ட 184 தமிழர்களை ஊரார் இன்னும் நினைவுகூர்கின்றனர். சத்துருக்கொண்டானுக்கு அழுகிறவர்கள் காத்தான்குடிக்கு அழுவதில்லை; அங்கிருப்பவர்கள் இங்கே அழுவதில்லை. 2019 க்குப் பிறகு முஸ்லிம் கடையில் உப்பும் வாங்காதே என்று சொன்ன கிறிஸ்தவர்களை நான் அறிவேன். காத்தான்குடியில் பிறந்த ஒருவன் செய்த பாதகத்துக்குக் காத்தான்குடி முழுவதும் பொறுப்பென்றால், 1990 க்கு யார் பொறுப்பு? சிலுவை ஓர் இனத்தின் கொடிக்கம்பம் ஆகிவிட்டால் அதில் இயேசுவுக்கு இடமில்லை.

*

சிலுவையைத் தாமாகவே எடுத்தவர்களும் இம்மண்ணில் இருந்திருக்கின்றனர். 1814 இல் மெதடிஸ்த மிஷனரியாக மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட், கப்பற் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். வந்து ஓராண்டு நிறையுமுன் 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். அந்தச் சில மாதங்களில் தமிழ் கற்றுப் பாடசாலைகளைத் தொடங்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் பெயரை இன்றும் சொல்கின்றது.

அமெரிக்க இயேசு சபைத் துறவி அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் 1990 ஓகஸ்ட் 15 அன்று கலவரத்தின் நடுவே வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞரோடு காணாமற் போனார். அவர் நினைத்திருந்தால் அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம். அவருடைய சகோதரத் துறவி அருட்தந்தை ஹரி மில்லர் 1948 இல் நியூ ஓர்லியன்சிலிருந்து வந்தவர். புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் பணியாற்றியவர். போர்க்காலத்தில் சமாதானக் குழுவினரோடு சேர்ந்து, பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பெயர், திகதி, இடம் எல்லாவற்றையும் எழுதிவைத்து, அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கேட்டார். தேடிவந்த தாய்மாரிடம் ‘உன் சிலுவை’ என்று சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ இலகுவாயிருந்திருக்கும். அவர் பேனாவை எடுத்து “மகனின் முழுப் பெயர் என்ன?” என்ற விதமாகத் தொடங்கினார். அதுதான் அனுதினச் சிலுவை.

சீயோன் தேவாலய வாசலிலும் அப்படி ஒரு தந்தை நின்றார். பெரிய பையோடு வந்த அந்நியன் மீது ஐயங்கொண்டு, உள்ளே விடாமல் தடுத்து வெளியே அனுப்ப முயன்றார். அவரும் மாண்டார். அவன் உள்ளே நுழைந்திருந்தால் இறந்தோர் தொகை பலமடங்காயிருக்கும்.

*

போரும் குண்டும் இல்லாத சாதாரண நாட்களுக்கு வருவோம். சிலுவை என்ற சொல் அதிகம் துஷ்பிரயோகம் செய்யப்படுவது அங்கேதான்.

படுவான்கரையில் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “ரெண்டு பல்லு போச்சுது ஐயா. போதகர் செபம் பண்ணித்து, வீட்ட போ மகள், இது உன்ட சிலுவை எண்டார்.” வீட்டுக்குப் போனால் மூன்றாவது பல்லும் போகும் என்பது போதகருக்குத் தெரியாதா? இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கின்றது. அதன்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், அடிப்பவன் நெருங்காதவாறு ஓராண்டு வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் செபத்துக்குக் குறுக்கே வந்திராது.

நுண்கடனும் அவ்வாறே. கிழமைதோறும் அறவிட வருபவனுக்கு அஞ்சி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய பெண்கள் கிழக்கில் ஏராளம். 2018 இல் இலங்கைக்கு வந்து ஆராய்ந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, சில இடங்களில் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போயிருப்பதைச் சுட்டிக்காட்டினார். 220 வீத வட்டி சிலுவையா? மோசேயின் சட்டத்தில் அதற்குப் பெயர் பாவம். வறியவனிடம் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் விதிக்கின்றது. அதே ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. பெண்கள் வாய்திறந்ததால் வந்த நிவாரணம் அது, பொறுத்துக்கொண்டதால் வரவில்லை.

*

மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். முதலாவது: “ஆலயத்தில் அரசியல் பேசலாமா?” பிலாத்துவின் பெயரை ஞாயிறுதோறும் சொல்லும் ஆலயத்தில் அரசியல் ஏற்கெனவே பேசப்படுகின்றது.

இரண்டாவது: “மன்னிப்பதுதானே கிறிஸ்தவம்?” ஆம். மன்னிப்பு காயப்பட்டவரின் உடைமை. அவர் கொடுத்தால் அது கொடை. அடித்தவனோ, அரசோ, நடுவில் நிற்கும் போதகரோ அதை அவரிடம் கேட்டு வற்புறுத்தினால் அது பறிப்பு. மேலும், மன்னிப்பதற்கு முதலில் குற்றம் இன்னதென்று தெரியவேண்டும். செய்தவர் இன்னாரென்று தெரியவேண்டும். பெயர் தெரியாத ஒருவனை எப்படி மன்னிப்பது? உயிர்த்தெழுந்த உடலிலும் ஆணித் தழும்புகள் இருந்தன. தோமா தொட்டுப் பார்க்கும் அளவுக்கு அவை மறையாமல் இருந்தன. காயத்தை அழித்துவிட்டு வருவது உயிர்ப்பு என்றால் இயேசு தழும்பில்லாமல் வந்திருப்பார்.

மூன்றாவதுதான் எனக்குக் கனமாகத் தோன்றும் மறுப்பு: “துன்பப்படுகிறவர்களுக்கு இருக்கும் ஒரே ஆறுதலையும் நீ பறிக்கிறாயே?” இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மகனுக்காக விளக்கேற்றும் தாய் ஒருத்தி, “இது நான் சுமக்கிற சிலுவை, தம்பி” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு முன் நான் தலைகுனிந்தேன். இயேசுவும் என்னோடு சுமக்கிறார் என்ற நம்பிக்கைதான் அவளை நடமாட வைத்தது. அதை மறுக்க எவருக்கு நாக்கு எழும்?

வேறுபாடு எளிது. நம் தமிழிலக்கணம் மூவிடம் சொல்கின்றது: தன்மை, முன்னிலை, படர்க்கை. ‘என் சிலுவை’ என்று தன்மையில் சொன்னால் அது விசுவாசம். ‘உன் சிலுவை’ என்று முன்னிலையில் சொன்னால் அது தீர்ப்பு. ‘அவள் சிலுவை’ என்று படர்க்கையில் சொன்னால் அது கைகழுவல். முதலாவதைச் சொல்ல உரிமையுள்ளவர் சுமப்பவர் மட்டுமே. மற்ற இரண்டையும் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர் அங்கி அணிந்திருந்தாலும் சரி, கழுத்துப்பட்டி அணிந்திருந்தாலும் சரி.

சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளில் ஐந்தாவது, சீரேனே ஊரானாகிய சீமோனுக்குரியது. அவன் வயற்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த வழிப்போக்கன். படைவீரர் மறித்து இன்னொருவனுடைய சிலுவையை அவன் தோளில் ஏற்றினர். அவன் விரும்பி வரவில்லை. ஆயினும் அவன் இயேசுவைப் பார்த்து ‘அது உன் சிலுவை’ என்று சொன்னதாக எந்த நற்செய்தியிலும் இல்லை. சுமந்தான். அவன் பெயரும் அவன் பிள்ளைகள் அலெக்சந்தர், ரூப்பு ஆகியோரின் பெயர்களும் மாற்கு நற்செய்தியில் இருக்கின்றன.

போதகர்களிடமும் குருமாரிடமும் நான் கேட்பது ஐந்தாம் நிலைக்குரிய சிறு காரியங்களே. அடிவாங்கிய பெண்ணோடு பொலிஸ் நிலையம் வரை நடந்து செல்லுங்கள். கடன் பத்திரத்தை வாங்கி வாசித்து, வட்டி எவ்வளவென்று கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரைத் திருப்பலியிலும் ஆராதனையிலும் முழுமையாக வாசியுங்கள். வழக்குத் தவணைக்குப் போகும் தாயோடு நீதிமன்ற வாங்கில் ஒரு காலைப்பொழுது அமர்ந்திருங்கள். அடுத்த பெரிய வெள்ளியன்று சிலுவையைப் பற்றிப் பிரசங்கிக்குமுன் இவற்றில் ஒன்றையாவது செய்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு நீங்கள் சொல்வதை நானும் முன்வரிசையில் இருந்து கேட்கிறேன்.